மாமனாருக்கு ஒரு மீன்

"பெட்டி வண்டியிலேயே கெடக்கட்டும்" என்றார் எல்லப்பன்.

பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கியிருந்த சகாதேவன், அதை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு மாமனாரைப் பார்த்தான். மறுபக்கத்தைப் பிடித்திருந்த வண்டிக்காரன் பெருமாள், முதலாளியின் சொல் காதில் விழுந்ததும் கையை விட்டுவிட்டான். பெட்டியின் மொத்தக் கனமும் சகாதேவனின் கைக்கு வந்து, அங்கிருந்து காலுக்குப் போனது.

"எறக்க வேணாமா மாமா?" என்று வலியை விழுங்கிக்கொண்டு கேட்டான்.

"இப்ப வேணாம். மொதல்ல தண்ணியப் பாக்கறேன். நீங்க சொன்ன மாதிரி மீனு கடிக்குதான்னு பாக்கறேன். அப்பறம்தான் பெட்டி."

வண்டிக்குள் சகாதேவனின் மனைவி லோகநாயகி தலையைக் குனிந்துகொண்டாள். பெட்டியில் இருந்தவை அவளுடைய சேலைகள்.

அவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். போன ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது, "ரெண்டு நாளு வெச்சிருந்து அனுப்பறேன்" என்று எல்லப்பன் மகளை மீஞ்சூருக்கு அழைத்துப் போனார். மாசி பிறந்தும் அந்த இரண்டு நாள் முடியவில்லை. சகாதேவன் மாமனார் வீட்டுக்கு நடையாய் நடந்தான். போனபோதெல்லாம் வயிறு நிறையச் சோறு கிடைத்தது, மனைவி கிடைக்கவில்லை.

"உலாந்தாக்காரன் கோட்டைக்குப் பக்கத்துல குடியிருக்கீங்க. காத்துல வெடிமருந்து வாசன. கெணத்துல உப்புத் தண்ணி. எம் பொண்ணு பழவேற்காட்டுல இன்னாத்தத் துன்னுவா?" இதுதான் ஒவ்வொரு தடவையும் மாமனார் கேட்கிற கேள்வி.

கடைசியாகப் போனபோது, இலையில் விழுந்த சோறு கொடுத்த தைரியத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான்.

"மாமா, எங்க ஏரியில மீனு புடிக்கத் தோணியே வேணாம். கரையில நின்னு தூண்டிலப் போட்டா போதும். எங்க போட்டாலும் ஏறும்."

எல்லப்பனின் கை இலையிலேயே நின்றது. "எங்க போட்டாலுமா?"

"எங்க போட்டாலும்."

"அவ்ளோ மீனா கீது?"

"மீனு மேல மீனு நிக்கிது மாமா. எடம் பத்தல."

எல்லப்பன் யோசனையோடு மோரை ஊற்றிக்கொண்டார். அவருக்குத் தூண்டில் என்றால் உயிர். மீஞ்சூர் ஏரிக்கரையில் அவர் உட்காரும் இடத்தில் புல் முளைப்பதில்லை என்று லோகநாயகி சொல்லியிருக்கிறாள். எட்டு மாதமாக அசையாத மனுஷர் மறு வாரமே தாமாக வண்டி கட்டிக்கொண்டு, பெண்டாட்டி முனியம்மா, மகள் லோகநாயகி, கொட்டாங்குச்சி நிறைய மண்புழு சகிதமாக வந்து இறங்கிவிட்டார்.

சகாதேவன் தன் ஆயுளில் தூண்டிலைத் தொட்டதில்லை. டச்சுக்காரர்களின் கோட்டைப் பண்டகசாலையில் சீமைக்குப் போகும் துணிக்கட்டுகளை எண்ணி அடையாளம் போடுவது அவன் வேலை. ஒரு தரம் எண்ணுவான். சரியாக எண்ணினோமா என்று மறுதரம் எண்ணுவான். இரண்டும் ஒன்றாகவே வந்தால், இரண்டு தரமும் ஒரே தப்பைச் செய்துவிட்டோமோ என்று கவலைப்படுவான். அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் எண்ணாமல் விட்ட ஒரே சொல் அந்த 'எங்க போட்டாலும்'தான்.

"பொழுது சாயறதுக்குள்ள நான் கெளம்பணும்" என்றார் எல்லப்பன். "மீனு கடிச்சா பெட்டி எறங்கும். கடிக்கலன்னா பெட்டியும் பொண்ணும் மீஞ்சூருக்கு. இன்னா மாப்ள, சரிதானே?"

"சரி மாமா" என்றான். வேறு என்ன சொல்வான்?

முதலில் கோட்டைக்கு வடக்கே உள்ள தோணித்துறைக்குப் போனார்கள். ஏரித் தண்ணீர் காலை வெயிலில் பளபளத்துக் கிடந்தது. கரையில் நாலைந்து பேர் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். எல்லப்பன் இடம் பார்த்து உட்கார்ந்து, புழுவைக் கோத்து, தூண்டிலை வீசினார். வீசியவர் மிதவையைப் பார்க்காமல் துறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தத் தொறைக்கு எத்தினி தோணி வரும் மாப்ள?"

சகாதேவனுக்குத் தெரியாது. ஆனால் சொந்த ஊரைப் பற்றித் தெரியாது என்று சொல்லும் மாப்பிள்ளையிடம் யார் பெண்ணை விட்டுவிட்டுப் போவார்கள்? வலை பொத்துகிறவர்கள் பக்கம் திரும்பி அதிகாரமாகக் கேட்டான்.

"இன்னாப்பா, எத்தினி தோணி இங்க?"

வலைக்குள் போன ஊசி வெளியே வரவில்லை. அவர்களில் மூத்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"தோணியா? கெடக்குது சாமி நாலஞ்சு. எல்லாம் ஓட்ட."

"மீனு?"

"மீனே இல்ல சாமி."

அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு மடவை மீன் முழ உயரத்துக்குத் துள்ளி விழுந்தது.

"அது இன்னா?" என்றார் எல்லப்பன்.

"அது வழி தவறி வந்துடுச்சி."

இன்னொன்று துள்ளியது. "அது அதத் தேடிக்கினு வந்தது" என்றான் அவன், முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல்.

எல்லப்பன் மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார். "ஒரு தோணி ஒரு நாளைக்கு எவ்ளோ புடிக்கும்னு கேளுங்க."

சகாதேவன் கேட்டான். மூத்தவன் எழுந்தான், மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். அத்தனை பேரும் வலையைத் தூக்கிக்கொண்டு எல்லப்பனின் மிதவைக்கு இரண்டு பக்கமும் இறங்கி, தண்ணீரில் அடி அடியென்று அடித்து அலச ஆரம்பித்துவிட்டார்கள்.

"யோவ், இன்னாய்யா பண்றீங்க?"

"வல அழுக்கா கீது சாமி."

அந்தச் சத்தத்தில் துள்ளிக்கொண்டிருந்த மடவைகூட ஊரைக் காலி செய்துவிட்டுப் போனது.

எல்லப்பன் தூண்டிலைச் சுருட்டினார். "எங்க போட்டாலும்னீங்க."

"இது கோட்டைக்கு ரொம்பப் பக்கம் மாமா. சத்தம் ஜாஸ்தி. முகத்துவாரத்துப் பக்கம் போவோம். அங்க பாருங்க."

மாமனார் வண்டியில் ஏறியதும் லோகநாயகி கணவனின் முழங்கையைக் கிள்ளினாள். "ஏங்க, உங்கள அவனுங்க ஒரு மனுசனாவே மதிக்கலியே. நாலு முழ வேட்டியக் கட்டிக்கினு வந்தா எவன் மதிப்பான்?"

அது அவனுக்கும் பட்டது. வீட்டுக்கு ஓடினான். திருநாளன்று பண்டகசாலைக்காரர்கள் கட்டும் சிவப்புத் தலைப்பாகையைக் கட்டி, கும்பினி முத்திரை அடித்த பித்தளை வில்லையை மார்பில் மாட்டிக்கொண்டு திரும்பினான். லோகநாயகி பார்த்துவிட்டுக் கண்ணாலேயே சிரித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் பார்த்த சிரிப்பு. இதற்காக ஏரியையே குடித்துவிடலாம் என்று தோன்றியது.

வண்டி கருங்காலிக் குப்பத்தை அடைந்தபோது அங்கே திருவிழா போலக் கூட்டம். கடலும் ஏரியும் கலக்கும் இடம் அது. மணலில் கருவாடு காய்ந்தது. பெண்கள் கூடையோடு போய்வந்தார்கள். தூரத்தில் தோணிகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன.

வண்டியிலிருந்து சகாதேவன் இறங்கினான். வெயிலில் வில்லை மின்னியது.

ஒரு கிழவி "வந்துட்டான்டீ!" என்று கத்தினாள்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் மணலில் கருவாடு இல்லை. கூடைகள் இல்லை. பெண்கள் இல்லை. குடிசைக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கரைக்கு வந்துகொண்டிருந்த தோணிகள் நடு ஏரியிலேயே வட்டமடித்து வந்த வழியே திரும்பிவிட்டன.

எல்லப்பன் வாயைப் பிளந்தார். "இன்னா மாப்ள, உங்களப் பாத்து ஊரே ஓடுது?"

"மரியாத மாமா."

"இவ்ளோ மரியாதயா?"

ஓட முடியாத ஒரே ஆள் ஒரு கால் வீங்கிய பெரியவர். அவர் தோணி நிழலில் உட்கார்ந்தபடி கும்பிட்டார்.

"பெரியவரே, இங்க தூண்டில் போட நல்ல எடம் எது?"

"மீனு செத்து மூணு வருசம் ஆவுது சாமி. நாங்கல்லாம் கீரதான் துன்றோம்."

அவர் முழங்கை வரைக்கும் மீன் செதில் ஒட்டிப் பளபளத்தது. பக்கத்தில் ஒரு பூனை முழு மீனைக் கவ்விக்கொண்டு நிதானமாக நடந்து போனது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"அது?" என்றார் எல்லப்பன்.

"அது வெளியூர்ப் பூன" என்றார் பெரியவர்.

இனி மனிதரை நம்பிப் பயனில்லை என்று சகாதேவன் முடிவுகட்டினான். ஆழம் எங்கே கரையை ஒட்டி வருகிறதோ அங்கேதான் பெரிய மீன் ஒதுங்கும் என்று கோட்டை வாசலில் காவல்காரர்கள் பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. ஆழம் என்பது அளக்கக்கூடிய விஷயம். அளப்பது அவன் தொழில். வண்டிக் கயிற்றை அவிழ்த்து, முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் கல்லைக் கட்டினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

"ரெண்டு முழம்!" என்று கத்தினான். பத்தடி நகர்ந்து மறுபடி வீசினான். "ரெண்டே கால்!" பிறகு சந்தேகம் வந்து, பழைய இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அளந்தான். "ரெண்டுதான் மாமா! சரியா கீது!"

எல்லப்பனுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. கரையோடு கூடவே நடந்தார். "அந்தாண்ட? அந்த வளைவுல? தோணி போவற அளவுக்கு கீதா பாருங்க!"

குடிசை இடுக்குகளில் ஒவ்வொரு கண்ணாக முளைத்தது. சகாதேவன் கத்தக் கத்த அந்தக் கண்கள் சிவந்துகொண்டே போயின. அவன் அதைக் கவனிக்கவில்லை, முடிச்சுகளைக் கவனித்துக்கொண்டிருந்தான்.

"நாலு முழம்! மாமா, நாலு முழம்! இங்கதான்!"

அங்கே கரை திடீரென்று இறங்கியது. தண்ணீர் பச்சையாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. எல்லப்பன் தூண்டிலை வீசினார். மிதவை நின்றது. ஆடியது. ஒரு முழுக்குப் போட்டது. மூங்கில் வில்லாக வளைந்தது.

"கொடுவாய்யா! கொடுவா!" எல்லப்பனின் குரல் பிசிறியது. "லோகு, நைனாவப் புடிச்சிக்க!"

லோகநாயகி தகப்பனின் இடுப்பைப் பிடித்தாள். சகாதேவன் அவளைப் பிடித்தான். வெள்ளி வயிறு ஒரு தரம் தண்ணீருக்கு மேலே புரண்டது. அவ்வளவுதான். எங்கிருந்தோ ஒரு தோணி அம்பாக வந்து நூலுக்கும் கரைக்கும் நடுவே நுழைந்தது. 'டப்' என்று சத்தம். மூன்று பேரும் மணலில் மல்லாந்து கிடந்தார்கள்.

தோணியில் இருந்தவன் கும்பிட்டான். "மன்னிச்சிக்க சாமி. காத்து தள்ளிடுச்சி."

ஒரு தென்னை ஓலைகூட அசையவில்லை.

எல்லப்பன் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் சகாதேவனுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"பெருமாளு, மாட்டப் பூட்டு."

"மாமா, இன்னும் பொழுது கீது..."

"பூட்டுடா."

வெயில் மேற்கே சரிந்திருந்தது. பெருமாள் மாடு தேடப் போனான். லோகநாயகி கணவனைத் தோணி மறைவுக்கு இழுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது; குரல் கலங்கவில்லை.

"இங்க பாருங்க. இந்தத் தபா என்னிய இட்டுனு போனா, இந்த வருசம் அனுப்ப மாட்டாரு. எங்க சித்தப்பன் வேற அவரு காதுல ஓதிக்கினே கீறாரு. பெரிய கொடுவால்லாம் வேணாம். ஒரு மீனு. கெண்டக் குஞ்சுனாலும் போதும். போங்க."

"எங்க போறது?"

"வாங்கினு வாங்க! நான் நைனாவப் பேச்சுல புடிச்சி வெக்கிறேன். தண்ணியில மறைச்சித் தூண்டில்ல மாட்டி வுட்டுடலாம்."

சகாதேவன் ஓடினான். முதல் குடிசைக் கதவைத் தட்டினான்.

"ஒரு மீனு வேணும்மா. இன்னா வேணும்னாலும் தரேன்."

"மீனா?" உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். "அப்படின்னா?"

இரண்டாவது குடிசையில் குழம்பு கொதிக்கும் வாசனை தெருவரைக்கும் அடித்தது. கேட்டதற்கு, கத்தரிக்காய் என்றார்கள். மூன்றாவது குடிசையில் ஆளே இல்லை என்று ஒரு ஆள் சொன்னான். மீன்பிடிக் குப்பத்தில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஒரு மீன் வாங்க முடியாத முதல் மனிதன் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று சகாதேவனுக்குத் தோன்றியது.

குப்பத்தின் கடைசியில், ஆழமில்லாத சேற்றுத் தண்ணீரில் சில பெண்கள் உட்கார்ந்தவாக்கில் நகர்ந்து கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி வாயிலும் ஓலைப் பறி ஒன்று தொங்கியது. கையில் அகப்பட்ட இறால் அதற்குள் போனது. அவன் தலைப்பாகையோடு தண்ணீரில் இறங்கி, முன்னால் இருந்தவளிடம் ஓடினான்.

"தாயே! ஒரு மீனு. இறாலானாலும் சரி. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

அவள் பல்லில் பறியைக் கடித்தபடி அவனை வில்லையிலிருந்து முழங்கால்வரை பார்த்தாள். பிறகு பறியை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"எவ்ளோ போடப் போறீங்க?"

"இன்னாது?"

"எங்க தலயில. கூடைக்கு எவ்ளோ பங்கு?"

மற்றப் பெண்கள் எழுந்து அவனைச் சுற்றி நின்றார்கள். சேறு சொட்டும் கைகள். ஒருத்தி கையில் அவன் கழுத்தளவு உயரமுள்ள கோல் இருந்தது.

"எதுவும் தெரியாதவன் மாதிரி முழிக்கிறான் பாரு எல்லம்மாக்கா" என்றாள் கோல்காரி. "முக்கி எடுக்கட்டுமா?"

"இரு." எல்லம்மா அவன் மார்பு வில்லையை ஒரு விரலால் தட்டினாள். "இந்த ஏரி மீனக் கோட்டையில ஏலம் வுடப் போறாங்களாம். எவன் குத்தகைக்கு எடுக்குறானோ அவன் கூடைக்கு இவ்ளோன்னு பங்கு வாங்கிப்பானாம். அதுக்கு முன்னாடி தண்ணியப் பாக்க ஆளு வரும்னு எங்களுக்குச் சேதி. காலையிலேர்ந்து நீ இன்னா பண்ற? எத்தினி தோணின்ற. ஒரு நாளைக்கு எவ்ளோ புடிப்பேன்ற. தொறையிலேர்ந்து அப்பவே சேதி வந்துடுச்சி. வில்லயக் கட்டிக்கினு வந்து கயிறு போட்டு ஆழம் பாக்குற. இப்ப நேரா கையிலயே மீனக் கேக்குற. வேற இன்னாத்துக்காம் இதெல்லாம்?"

சகாதேவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது.

"குத்தகையா? ஐயோ தாயே! எம் பொண்டாட்டிக்காக வந்தேன்!"

எல்லாவற்றையும் கொட்டினான். காய்ச்சல், எட்டு மாதம், மாமனார், 'எங்க போட்டாலும்', வண்டியிலிருந்து இறங்காத பெட்டி எல்லாவற்றையும். சொல்லச் சொல்லப் பெண்களின் முகம் மாறியது. கோல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில், மீனை வாங்கி மறைத்துத் தூண்டிலில் மாட்டுவது லோகநாயகியின் யோசனை என்றதும் அத்தனை பேரும் தண்ணீரை அடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"பொண்டாட்டிக்கோசரமா இவ்ளோ முடிச்சுப் போட்ட?"

"ஆமா தாயே."

"எட்டு மாசமாவா? அட பாவமே!"

எல்லம்மா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கரையில் ஒரு மண்சட்டியிலிருந்து ஒரு பிடி கல்லுப்பு எடுத்துவந்தாள். அதை அவன் உள்ளங்கையில் வைத்து, முழங்கால் தண்ணீரில் கிழக்கே பார்த்து நிறுத்தினாள்.

"உப்பு மேல சொல்லு. நீயோ உன் வூட்டு ஆளுங்களோ எங்க மீன்ல பங்கு கேட்டு வரலன்னு சொல்லு. பொய் சொன்னா இந்த ஏரிக் குப்பம் எதுலயும் உனக்கு உப்பு இல்ல, நெருப்பு இல்ல, தோணி இல்ல. செத்தாலும் தூக்க ஆளு வராது."

சகாதேவன் எதையும் இரண்டு தரம் யோசிப்பவன். இதற்கு ஒரு தரம்கூட யோசிக்கத் தேவைப்படவில்லை.

"நானோ எங்க வூட்டு ஆளுங்களோ அப்படி வந்திருந்தா, நீங்க சொன்னதெல்லாம் எனக்கு ஆவட்டும்!" என்று கத்தினான். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று மறுதரமும் சொன்னான். உப்பு தண்ணீரில் கரைந்தது.

எல்லம்மா குப்பத்தைப் பார்த்து இரண்டு கையையும் வாயில் குவித்துக் குரல் கொடுத்தாள். "ஏய்! அவரு இல்லடா! மாமனாருக்கு மீனு புடிக்க வந்த மாப்ளடா!"

கதவுகள் திறந்தன.

"இங்க தண்ணிக்குப் பாடு உண்டு" என்று எல்லம்மா நடந்துகொண்டே சொன்னாள். "சீட்டுப் போட்டுப் பிரிச்சிக்குவோம். ஒரு வளைவு ஒரு நாளு ஒரு வூட்டுக்கு. வேற யாரும் அதுல கை வெக்கக் கூடாது. இன்னிக்கு முகத்துவார வளைவு எங்க வூட்டுப் பாடு. உன் மாமனார் போட்டுக்கட்டும். எவனும் குறுக்க வரமாட்டான்."

சகாதேவன் பறந்து போனான். பெருமாள் மாட்டைப் பூட்டி முடித்திருந்தான். எல்லப்பன் ஒரு காலை வண்டியில் வைத்திருந்தார்.

"மாமா! எறங்குங்க! கூத்தக் கேளுங்க! நம்மளப் போயி ஏரி மீனு குத்தகைக்குப் பாக்க வந்தவங்கன்னு நெனச்சிட்டாங்க!"

எல்லப்பன் அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, இருமல் வரும்வரை சிரித்தார். வண்டிக்குள்ளிருந்து முனியம்மா, "அது இல்லீங்க மாப்ள..." என்று ஏதோ ஆரம்பித்தாள்.

"நீ வெத்தலயப் போடு" என்றார் எல்லப்பன். "ஆளப் பாத்தா தெரியவேணாம் இந்த ஜனங்களுக்கு? நல்ல கூத்து. எங்க மாப்ள அந்த எடம்?"

அதற்குப் பிறகு நடந்ததைச் சகாதேவன் கனவாக இருக்குமோ என்று இரண்டு தரம் சந்தேகப்பட்டான். முதல் வீச்சில் ஒரு மடவை. இரண்டாவதில் கிழங்கான். மூன்றாவதில் கை நீளக் கொடுவா. இந்தத் தடவை தோணிக்காரனே தண்ணீரில் குதித்து அதை அணைத்துக்கொண்டு வந்தான். காலையிலிருந்து பொய் சொல்லிச் சொல்லிக் குப்பத்து ஜனங்களுக்கு வாய் புளித்துப் போயிருந்தது போலிருக்கிறது. எல்லப்பனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு உண்மையைக் கொட்டினார்கள்.

"மீனுக்கா பஞ்சம்? ஐப்பசி மழ வுட்டதும் வந்து பாருங்க நைனா. இறாலு கால வெக்க வுடாது!"

"அப்படியா?" என்றார் எல்லப்பன்.

"தோணி நாலஞ்சுன்னு எவன் சொன்னான்? சுண்ணாம்புக்குளம் வரைக்கும் எண்ணிப் பாருங்க, பொழுது பூடும்!"

"அடேயப்பா!"

"மீஞ்சூர்ச் சந்தையில விக்கிற கருவாட்டுல பாதி எங்களுதுதான்!" என்றார் மூன்று வருஷமாகக் கீரை தின்ற பெரியவர்.

எல்லப்பன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தூண்டில் பிடிக்க வந்த மனுஷர் தன் மிதவையைவிட மற்றவர்கள் கூடையையே அதிகம் பார்த்தார். மீன் பைத்தியம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சகாதேவன் பெருமைப்பட்டுக்கொண்டான்.

கூடை நிறைந்தது. எல்லப்பன் எழுந்து, யார் உதவியும் கேட்காமல், தாமே வண்டியிலிருந்து பெட்டியை இறக்கி மணலில் வைத்தார்.

"மாப்ள, நீங்க சொன்னது ஒண்ணும் பொய்யில்ல. பொண்ண நல்லாப் பாத்துக்கங்க. அடிக்கடி வருவேன்."

"வாங்க மாமா! எப்ப வேணும்னாலும் வாங்க!"

லோகநாயகி வண்டியிலிருந்து குதித்தாள். தகப்பன் பார்க்காத நேரத்தில் அவள் விரல் சகாதேவனின் சேற்றுக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. குப்பத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். எல்லம்மா பெரிய கொடுவாவை ஓலையில் சுற்றி முனியம்மாவின் மடியில் வைத்தாள்.

எல்லப்பன் கை கழுவத் தண்ணீருக்குப் போனார். பெருமாள் சாட்டையை எடுத்தான்.

"உங்க மாப்ள தங்கமான மனுசன்மா" என்றாள் எல்லம்மா, வண்டிச் சட்டத்தில் கையை ஊன்றிக்கொண்டு. "உப்பு மேல சொன்னாரு. இனிமே அவரு எங்க ஆளு. குத்தகைக்கு எவன் வந்தாலும் எங்களுக்கோசரம் கோட்டையில ரெண்டு வார்த்த சொல்லுவாரு."

முனியம்மா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, காலையிலிருந்து முதல் தடவையாக வாய் நிறையச் சிரித்தாள்.

"நீ ஏன் தாயி கவலப்படற? ஏலம் எங்க வூட்டுக்காரரு பேருல முடிஞ்சிச்சின்னா, உங்ககிட்ட பங்கு வாங்க வரப்போறதே எங்க மாப்ளதான்!"